பட்டுக்கூடும் பாவும்

பெங்களூரில் வாழும் தமிழருக்குச் சில்க் போர்டு என்றால் போக்குவரத்து நெரிசல் என்றே பொருள். ஓசூர்ச் சாலையில், மடிவாளாவை அடுத்து, பெட்டியும் கைக்குழந்தையுமாக ஊர்ப் பேருந்துக்காக நாம் நின்ற இரவுகள் எத்தனை! கிருஷ்ணகிரிக்கும் தருமபுரிக்கும் சேலத்துக்கும் செல்லும் வண்டிகள் அங்கே எறும்பென ஊர்கின்றன. அந்த இடத்துக்குப் பெயர் தந்த அலுவலகம் எது, அது எதற்காக அங்கே இருக்கிறது என்று நாம் ஒருநாளும் எண்ணிப் பார்த்ததில்லை. சென்ற திங்கள் நம் சங்க வாசகசாலையில் நிகழ்ந்த ஒரு சச்சரவே நம்மை எண்ண வைத்தது.

ஞாயிற்றுக்கிழமை மாலை. ஆரணியிலிருந்தும் காஞ்சிபுரத்திலிருந்தும் இங்கே வந்து குடியேறிய நெசவுக் குடும்பத்தார் சிலர், ஒரு மனுவில் கையொப்பம் திரட்டிக்கொண்டிருந்தனர். வெளிநாட்டுப் பட்டு நூலின்மீது விதிக்கப்படும் சுங்கத் தீர்வையை அறவே நீக்கவேண்டும் என்பது மனுவின் சாரம். கப்பன்பேட்டையில் முப்பது ஆண்டு தறி ஓட்டிய பெரியவர் ஒருவர் மனுவைப் படித்துக் காட்டினார். அப்போது தருமபுரிப் பக்கத்து இளைஞர் ஒருவர் எழுந்தார். சரக்கு வண்டி ஓட்டுபவர். ஊரில் அவருடைய தாய் தந்தையர் பட்டுப்புழு வளர்க்கின்றனர்.

“ஐயா, இந்தத் தாளில் எல்லோரும் கையெழுத்துப் போட்டால் என் அப்பா செடியைப் பிடுங்கிப் போடவேண்டியதுதான்” என்றார் அவர்.

“தம்பி, உன் அப்பா செடியைப் பிடுங்கினால் வேறு பயிர் வைப்பார். நான் தறியைப் பிடுங்கினால் எதை வைப்பேன்?” என்றார் பெரியவர்.

“நீங்கள் சேலை விலையை ஏற்றிக்கொள்கிறீர்கள், ஐயா. நாங்கள் கூட்டின் விலையை ஏற்ற முடியுமா? ஏலத்தில் கேட்டது கேட்டதுதான்.”

“சேலை விலையை நானா ஏற்றுகிறேன்? கடைக்காரனைப் போய்க் கேள்!”

குரல்கள் உயர்ந்தன. செயலாளர் எழுந்து தேநீர் வந்துவிட்டது என்று சொல்லி ஒருவாறு அமைதிப்படுத்தினார். மனு மேசைமேல் கிடந்தது. நம்மிடமும் எழுதுகோலை நீட்டினர். நாம் வாங்கிக்கொள்ளவில்லை, அடுத்த இதழில் எழுதிவிட்டுச் சொல்கிறோம் என்று நழுவினோம். அந்த நழுவலுக்குத் தண்டமாகவே இத்திங்கள் இப்பகுதியை இதற்கு ஒதுக்கியிருக்கிறோம்.

உண்மையைச் சொல்லிவிடுவோம். நமக்கு இருபக்கமும் உறவு உண்டு. ஆரணியில் நம் பெரியப்பா இன்றும் தறியில் அமர்ந்திருக்கிறார். இரயில்வே பார்சல் அலுவலகத்தில் நம் எதிர் மேசையில் இருக்கும் கன்னட நண்பரோ கனகபுரப் பக்கத்துப் பட்டு விவசாயியின் மகன். நாம் மெட்ரிகுலேஷனோடு படிப்பை நிறுத்தியவர்கள். பொருளாதார நூல் கற்றவரல்லோம். எனினும் எடையும் கட்டணமும் ரசீதும் பார்த்தே பொழுது போக்குகிறவர்களாதலின் கணக்குப் போட மட்டும் அஞ்சுவதில்லை.

முதலில் பழங்கதை சிறிது. மைசூர் நாட்டில் பட்டுத் தொழிலை ஊன்றியவர் திப்பு சுல்தான் என்பர். வங்காளத்திலிருந்து புழுவையும் தொழிலறிந்தோரையும் வரவழைக்க முயன்றார். பின்னர் 19ஆம் நூற்றாண்டின் இறுதியில் ஜாம்ஷெட்ஜி டாட்டா, ஜப்பானிய வல்லுநர்களைக் கொண்டு இந்நகரில் ஒரு பட்டுப் பண்ணை அமைத்தார். பசவனகுடிக்கு அருகே டாட்டா சில்க் ஃபார்ம் என்ற பெயர் இன்றும் வழங்குகிறது, பண்ணைதான் இல்லை. 1930ஆம் ஆண்டுகளின் பொருளாதார மந்தத்தில் ஜப்பானிலிருந்தும் சீனத்திலிருந்தும் மலிவு நூல் வந்து குவிய, மைசூர்க் குடியானவர் நொடித்தனர். தீர்வைக் குழு ஒன்று விசாரித்து அறிக்கை தந்தபின் 1934இல் காப்புத் தீர்வை விதிக்கப்பட்டது. ஆகவே நம் வாசகசாலைச் சச்சரவுக்கு வயது ஏறத்தாழத் தொண்ணூறு! போர்க்காலத்தில் பாராசூட்டுக்குப் பட்டு வேண்டியிருந்ததால் விலை விண்ணை முட்டியது. போர் முடிந்ததும் மீண்டும் விழுந்தது. இந்த ஏற்றத்தாழ்வுகளைக் கண்டே 1948இல் சட்டம் இயற்றி, மறு ஆண்டு மையப் பட்டு வாரியத்தை அமைத்தனர். நாம் பேருந்துக்குக் காத்து நிற்கும் இடத்துக்குப் பெயர் தந்தது அந்த வாரியமே.

இனி இன்றைய நடப்பு. வார விடுமுறை நாளில் நண்பருடன் மைசூர் வண்டியேறி இராமநகரத்தில் இறங்கி, கூட்டுச் சந்தையைப் பார்த்து வந்தோம். ஆசியாவிலேயே பெரிய பட்டுக்கூட்டுச் சந்தை அது என்று சொல்லப்படுகிறது. 1959ஆம் ஆண்டுச் சட்டப்படி கர்நாடகத்தில் பட்டுக்கூட்டை இத்தகைய சந்தையில் ஏலத்தில்தான் விற்கவேண்டும். விடியலிலேயே மூட்டை மூட்டையாகக் கூடு வந்து இறங்குகிறது. மஞ்சள் கூடு ஒருபுறம், வெண்கூடு ஒருபுறம். நூற்பவர்கள் வரிசை வரிசையாகச் சென்று கூட்டை அள்ளி, விரல்களால் அழுத்தி, முகம் காட்டாமல் நகர்கின்றனர். முன்னே வாய்மொழியாகக் கேட்ட ஏலம் இப்போது கைப்பேசி வழியாக நடக்கிறது. விவசாயி தம் கூட்டின் அருகே நின்று பலகையைப் பார்த்துக்கொண்டே இருக்கிறார்.

அவர் முகத்தில் தெரியும் அச்சத்துக்குக் காரணம் உண்டு. நெல்லை மூட்டை கட்டி வைக்கலாம். மஞ்சளை ஓராண்டு வைக்கலாம். பட்டுக்கூட்டை வைக்க முடியாது. உள்ளே இருப்பது உயிர். கூடு கட்டி முடித்த பத்துப் பன்னிரண்டு நாளில் அந்துப்பூச்சி கூட்டைத் துளைத்துக்கொண்டு வெளிவந்துவிடும். துளைத்த கூட்டில் தொடர் இழை கிடையாது, கழிவு விலைதான். ஏறக்குறைய நான்கு வாரம் இரவும் பகலும் தழை போட்டு, எறும்பும் நோயும் அண்டாமல் காத்து, சந்திரிகையில் ஏற்றிக் கூடாக்கிய பொருளைக் கிடைத்த விலைக்குத் தள்ளிவிட்டே ஊர் திரும்பவேண்டும். விற்பவனுக்கு அவசரம், வாங்குபவனுக்கு இல்லை. சந்தையில் இதைவிடப் பலவீனமான நிலை வேறென்ன?

நூற்பவரை மட்டும் கொடியவரென எண்ணிவிடலாகாது. அவரும் சிறு தொழிலாளியே. வீட்டோடு நான்கைந்து தொட்டி. கொதிநீரில் வெந்து வெளுத்த விரல்கள். அன்றன்றைக்குக் கூட்டுக்குரிய பணத்தைக் கொடுத்தாகவேண்டும். அவர் கூட்டுக்கு எவ்வளவு கேட்கலாம் என்பதை முடிவு செய்வது, அவர் நூல் நாளை என்ன விலைக்குப் போகும் என்பதே. அந்த விலையை முடிவு செய்வது எது? இங்கேதான் சீனம் வந்து சேர்கிறது.

உலகில் உருவாகும் பட்டு நூலில் மிகப் பெரும்பகுதி சீனத்தினுடையது. நம் நாடு இரண்டாம் இடம். சீன நூல் வெண்கூட்டு இனத்தது. இழை நீளமும் சீரும் உறுதியும் உடையது. காஞ்சிப் பட்டுக்குப் பாவு போடுபவர் அதை விரும்பக் காரணம் சிக்கனம் மட்டுமன்று. பாவு நூல் அச்சில் ஆயிரக்கணக்கான முறை உராய்கிறது. நடுவே அறுந்தால் முடிச்சுப் போட்டே பொழுது போய்விடும். ஊடைக்கு நம் மஞ்சள்கூட்டு நூல் போதும். அதற்கு ஒரு மினுமினுப்பும் உண்டு. ஆகவே பெரியவர் சீன நூலைக் கேட்பதில் நாட்டுப் பற்றின்மை ஒன்றுமில்லை. கை வேலையின் தேவை அது.

இப்போது கணக்கு. புரிவதற்காக எடுத்துக்கொண்ட எண்களே இவை. இன்றைய சந்தை விலை என்று யாரும் கொள்ளவேண்டா. சீன நூல் கிலோ 4,000 ரூபாய்க்கு நம் துறைமுகத்தில் இறங்குவதாக வைப்போம். ஒரு கிலோ நூலெடுக்க 7 கிலோ கூடு வேண்டும். நூலெடுக்கும் செலவு 800 ரூபாய். தீர்வையே இல்லையெனில் உள்ளூர் நூலையும் 4,000க்கு மேல் விற்க இயலாது. அப்போது நூற்பவர் கூட்டுக்குக் கொடுக்க வல்லது 3,200 ரூபாயை ஏழால் வகுத்த தொகை, அதாவது கிலோவுக்கு 457 ரூபாய். தீர்வை 15 விழுக்காடாயின் சீன நூல் 4,600 ஆகிறது; கூட்டின் விலை 543 வரை ஏறலாம். 30 விழுக்காடாயின் 629 வரை ஏறலாம். டில்லியில் ஒரு மேசைமேல் ஓர் எண்ணை மாற்றினால் கனகபுரத்தில் ஒரு கூடைக் கூட்டின் விலை மாறுவது இவ்வாறே.

இதே கணக்கைச் சேலையின் பக்கம் திருப்பிப் பாருங்கள். ஒரு சேலைக்கு அரைக் கிலோ நூல் செல்வதாகக் கொண்டால், 15 விழுக்காட்டுத் தீர்வையால் சேலையில் ஏறுவது 300 ரூபாய். 15,000 ரூபாய்ச் சேலையில் அது நூற்றுக்கு இரண்டு. திருமணத்துக்கு வாங்குபவர் அதை உணரக்கூட மாட்டார். புழு வளர்ப்பவருக்கோ கிலோவுக்கு 86 ரூபாய். 457இல் ஏறக்குறைய ஐந்திலொரு பங்கு. ஒரே தீர்வைதான். ஒருவருக்கு மயிலிறகு, மற்றொருவருக்கு மூட்டை.

அப்படியானால் தீர்வையே நன்று என்று முடித்துவிடலாமே எனில், முடியாது. நடுவே நிற்பவர் நெசவாளர். அவர் கதையை அப்புறம் சொல்வோம். அதற்கு முன் 2011இல் நடந்ததைச் சொல்லவேண்டும்.

அவ்வாண்டு பிப்ரவரியில் வரவு செலவுத் திட்டத்தை வெளியிட்ட மைய நிதியமைச்சர் பிரணாப் முகர்ஜி, கச்சாப் பட்டின்மீதான சுங்கத் தீர்வையை 30 விழுக்காட்டிலிருந்து 5 ஆகக் குறைத்தார். நெசவாளர் நலம் கருதிய செயல் அது. சில திங்களில் கர்நாடகக் கூட்டுச் சந்தைகளில் விலை சரிந்தது. விவசாயிகள் தெருவில் இறங்கிப் போராடினர். நம் நண்பர் வீட்டு மல்பெரி அப்போது அரை ஏக்கர். அவர் தந்தையார் இரண்டு அறுவடை பொறுத்துப் பார்த்தார். மூன்றாவதில் கூடு விற்ற பணம் சந்தைக்குச் சென்ற வண்டிக் கூலிக்கும் முட்டைக் கடனுக்கும் சரியாகப் போயிற்று. மறுவாரம் ஆளைக் கூப்பிட்டுச் செடியை வேரோடு தோண்டிவிட்டார். “எங்கள் தாத்தா வைத்த செடி, வேர் அவ்வளவு எளிதில் வரவில்லை” என்று நண்பர் சொல்வார். அவர் வேலை தேடிப் பெங்களூர் வந்தது அவ்வாண்டு இறுதியில்.

2013இல் தீர்வை 5இலிருந்து 15 ஆக உயர்த்தப்பட்டது. இடையில் 10 ஆகிப் பின் 2021இல் மறுபடி 15 ஆயிற்று. 2013இல் உயர்த்தியவர் ப. சிதம்பரம்; 2021இல் உயர்த்தியவர் நிர்மலா சீதாராமன். இருவரும் தமிழரே என்பதைப் பெரியவரிடம் சொன்னால் அவர் இன்னும் வெகுண்டெழுவார் என்று அஞ்சி அன்று சொல்லவில்லை. இவற்றுக்கு மேலும், அடக்கத்துக்கும் குறைவான விலையில் பொருளைக் கொண்டுவந்து குவிப்பதைத் தடுக்கும் தனித் தீர்வை ஒன்றும் சீன நூலின்மீது 2003இல் விதிக்கப்பட்டது. 2016இல் மீண்டும் விதிக்கப்பட்டது.

தீர்வை 15 ஆனதும் நண்பர் வீட்டில் மல்பெரி முளைத்ததா? இல்லை. செடியைத் தோண்ட ஒரு நாள் போதும்; மீண்டும் நட்டு முழுத் தழை பறிக்க ஓராண்டாகும்; புழு மனையைப் பழுது பார்க்கவேண்டும்; எல்லாவற்றுக்கும் மேலாகக் கையாள் வேண்டும். அந்தக் கையாள் நம் எதிர் மேசையில் அமர்ந்து பார்சல் ரசீது எழுதிக்கொண்டிருக்கிறார். விலை இறங்கும்போது அழிவது, விலை ஏறும்போது தானே திரும்பிவருவதில்லை. மலிவுப் பொருளால் நாட்டுக்கு நன்மையே என்று பேசுவோர் இழந்தவன் வேறு தொழிலுக்குப் போய்விடுவான் என்கின்றனர். போகிறான்தான். எத்தனை ஆண்டு, எந்த ஊர், யாருடைய செலவில் என்பதைத்தான் அவர்கள் சொல்வதில்லை.

இனி ஆரணிக்குச் செல்வோம். 2011இல் நூல் விலை சரிந்ததே, நம் பெரியப்பாவுக்கு என்ன கிடைத்தது? கூலி ஒரு ரூபாயும் ஏறவில்லை. அவர் சொந்தத்தில் நூல் வாங்கி நெய்பவரல்லர். முதலாளி பாவும் ஊடையும் சரிகையும் கொடுப்பார். நெய்து கொடுத்துச் சேலைக்கு இவ்வளவு என்று கூலி வாங்குவார். நூலின் லாபம் முதலாளி கணக்கில் சேர்ந்தது. சேலை வாங்கியவருக்காவது கிடைத்ததா எனில், அதற்கும் நம்மிடம் சான்று உண்டு. 2012இல் நம் தமக்கையின் திருமணத்துக்குச் சிக்பேட்டையில் ஒரு கடையில் கூறைப்புடவை எடுத்தோம். நூல் விலை விழுந்ததாமே என்று தந்தையார் கேட்டார். கடைக்காரர் சிரித்து, “சார், வெள்ளி விலையைப் பார்த்தீர்களா?” என்றார். அதுவும் பொய்யன்று, 2011இல் வெள்ளியும் பொன்னும் கண்டிராத உயரம் ஏறியிருந்தன, சரிகையோ வெள்ளியாலும் பொன்முலாமாலும் ஆனது. ஆனால் வெள்ளி இறங்கியபின் சேலை விலை இறங்கியதாகவும் நமக்கு நினைவில்லை. மலிவு என்பது கடலைத் தாண்டி வந்துவிடுகிறது. கடைப் படிக்கட்டைத்தான் தாண்டுவதில்லை.

ஆயினும் பெரியப்பாவின் பக்கத்திலும் ஒரு நியாயம் உண்டு. விலை விழும்போது கூலி ஏறவில்லை. விலை ஏறும்போதோ வேலையே போய்விடுகிறது. 2022ஆம் ஆண்டுத் தொடக்கத்தில் வெண்கூட்டின் விலை கிலோ ஆயிரம் ரூபாயைத் தாண்டிற்று. இராமநகரத்தில் இனிப்பு வழங்கியிருப்பார்கள். ஆரணியில் முதலாளி, “நூல் முதல் கட்டுப்படியாகவில்லை, கொஞ்சம் பொறுங்கள்” என்றார். பெரியப்பா தறி இரண்டு திங்கள் பாவு இன்றி நின்றது. பெரியம்மா வேர்க்கடலை உரிக்கக் கூலிக்குச் சென்றார். பாவு இல்லாத தறிக் குழியைப் பார்த்தவர்கள் அறிவர். வீட்டின் நடுவே கிணறு வற்றியது போலிருக்கும்.

வெளிநாட்டு நூல் அறவே வாராமற்போனால் என்னவாகும் என்பதற்கு அது ஒரு முன்னோட்டம். போட்டி இல்லாத சந்தையில் நூலைப் பதுக்குவது எளிது. இருநூறு நூற்பவர் இருந்தாலும் பெருந்தொகை போட்டு வாங்கி வைப்பவர் ஒரு சிலரே. சீனத்து நூல் வரும் வழி திறந்திருக்கும்வரை அவர்கள் ஓர் எல்லைக்குமேல் விலையை ஏற்ற முடியாது. அயல்நாட்டுச் சரக்கு, வந்து இறங்காமலேயே, வரக்கூடும் என்ற ஒன்றாலேயே உள்ளூர் வணிகரைக் கட்டுப்படுத்துகிறது. இதுவும் நெசவாளருக்கும் வாங்குவோருக்கும் ஒரு காப்புத்தான். தீர்வையை மிக உயர்த்தினால் மற்றொரு தீங்கும் சேர்கிறது: கள்ள வழி திறக்கிறது. ஏற்றுமதித் துணி நெய்யத் தீர்வையின்றி வரவழைத்த நூல் உள்ளூர்ச் சந்தைக்குத் திரும்பிவிடுகிறது என்ற முறையீடு நெடுநாளாக உண்டு. அப்போது விவசாயிக்குக் காப்புமில்லை, அரசுக்குத் தீர்வையுமில்லை.

நூலுக்கு வேலி போட்டுத் துணிக்கு வாயில் திறந்து வைத்தால் என்னவாகும்? இதற்கு ஜப்பானில் ஒரு வழக்கே நடந்திருக்கிறது. புழு வளர்க்கும் குடியானவரைக் காக்க, 1970ஆம் ஆண்டுகளில் ஜப்பானிய அரசு வெளிநாட்டுக் கச்சாப் பட்டைத் தனியார் தம் விருப்பப்படி வரவழைக்க இயலாதவாறு ஒரே வாயிலாக்கிற்று. கியோத்தோ நகரில் நிஷிஜின் என்பது நம் காஞ்சிபுரம் போன்ற நெசவுப் பேட்டை. அங்கே கழுத்துப்பட்டை நெய்வோர், உலக விலையைவிட மிகுதியாகக் கொடுத்து நூல் வாங்க நேர்ந்தது; ஆனால் வெளிநாட்டுக் கழுத்துப்பட்டையோ தடையின்றி வந்து கடைகளில் குவிந்தது. நெசவாளர்கள் அரசின்மீதே வழக்குத் தொடுத்தனர். 1990இல் உச்ச நீதிமன்றம் அதைத் தள்ளிவிட்டது. சட்டமன்றம் எடுத்த கொள்கை முடிவில் தலையிட இடமில்லை என்பது தீர்ப்பின் போக்கு. சரி, அந்த வேலியால் குடியானவராவது பிழைத்தனரா? ஒருகாலத்தில் இருபது இலட்சத்துக்கும் மேற்பட்ட குடும்பங்கள் புழு வளர்த்த அந்நாட்டில் இன்று எஞ்சியிருப்பவை இருநூறுக்கும் குறைவே. அமெரிக்கப் பெண்டிர் நைலான் காலுறைக்கு மாறியது பாதி காரணம்; நகரத் தொழிற்சாலைகள் நல்ல கூலி கொடுத்து இளைஞரை இழுத்துக்கொண்டது மீதி.

சீனத்திலும் அதே கதை தொடங்கிவிட்டது. கடற்கரை மாநிலங்களான ஜியாங்சு, செஜியாங் ஆகியவற்றில் கூலி உயரவே, மல்பெரித் தோட்டம் தெற்கே குவாங்சிக்கு நகர்ந்தது. சீன நூல் முன்போல் மலிவன்று. இந்நூற்றாண்டின் தொடக்கத்தில் நம் நாடு ஆண்டுக்கு ஏறக்குறைய 9,000 டன் கச்சாப் பட்டு வரவழைத்தது. அண்மை ஆண்டுகளில் அது 4,000 டன்னுக்கும் கீழே. நம் உற்பத்தியோ 2003-04இல் 16,000 டன்னை எட்டாதிருந்தது. 2022-23இல் 36,000 டன்னைத் தாண்டிற்று. மைசூர் ஆராய்ச்சி நிலையம், ஜப்பானிய உதவியுடன் நம் வெப்பத்துக்கு ஏற்ற வெண்கூட்டு இனங்களை உருவாக்கித் தந்தது இதற்கொரு பெருங்காரணம். இராமநகரத்தில் தானியங்கி நூற்பு இயந்திரம் ஒன்றையும் பார்த்தோம். சீன நூலோடு போட்டியிடவல்ல சீரான நூல் அதில் வருகிறது. இயந்திரம் எங்கே செய்தது என்று கேட்டோம். சீனத்தில்தானாம்! உரிமையாளர் இதைச் சொல்லிவிட்டு நம்மோடு சேர்ந்து சிரித்தார்.

ஆகவே மனுவைப் பற்றி நம் கருத்து இது. தீர்வையை அறவே நீக்கு என்பதில் நாம் கையொப்பமிடோம். 30 ஆக்கு என்று வேறொரு மனு வந்தாலும் இடோம். 30, 5, 15, 10, 15 என்று ஊசலாடிய அந்த ஊசல்தான் இருவரையும் கொன்றது என்பது நம் எண்ணம். செடி வைப்பவன் பத்து ஆண்டுக்குமேல் முன்னோக்கி வைக்கிறான். தறி போடுபவன் தன் மகனுக்கும் சேர்த்துப் போடுகிறான். ஆண்டுதோறும் பிப்ரவரியில் மாறக்கூடிய எண்ணை நம்பி இவ்விருவரும் எவ்வாறு பிழைப்பது? மிதமான தீர்வை ஒன்றை நெடுநாளைக்கு நிலையாக வைத்து, அதில் வரும் தொகையில் ஒரு பங்கைக் கொண்டு, நூல் விலை ஏறும் திங்களில் கூட்டுறவுச் சங்க நெசவாளருக்குப் பாவு நூலைச் சீரான விலைக்குக் கொடுக்கலாம். காஞ்சிபுரத்தில் இதற்கெனப் பட்டு நூல் பரிவர்த்தனைக் கூடம் உண்டு. புதிதாகக் கட்டடம் எழுப்ப வேண்டியதில்லை. முதலாளியிடம் கூலிக்கு நெய்யும் நம் பெரியப்பா போன்றோருக்கு அதுவும் எட்டாது என்பதை அறிவோம். அவர்கள் கூலி, நூல் விலையோடும் சேலை விலையோடும் சேர்ந்து ஏறினாலன்றித் தீர்வை கூடினால் என்ன, குறைந்தால் என்ன?

இவ்வளவையும் எழுதி, அச்சுக்கு அனுப்புமுன் பெரியவரிடம் படித்துக் காட்டினோம். பொறுமையாகக் கேட்டார். “கணக்கெல்லாம் சரிதான், தம்பி. பத்தாண்டு நிலையாக இருக்கவேண்டும் என்கிறீர்கள். எனக்கு எழுபத்திரண்டு” என்றார். பிறகு மனுவின் அடியில் ஒரு வரியைத் தம் கையாலேயே சேர்த்தார்: தீர்வையை நீக்க இயலாதெனில் பாவு நூலையாவது நிலையான விலைக்குத் தரவேண்டும் என்று. தருமபுரி இளைஞர் அந்த வரிக்கு மட்டும் கையொப்பமிடலாமா என்று கேட்டாராம். ஒரு தாளில் பாதிக்குக் கையெழுத்து எப்படிப் போடுவது என்று செயலாளர் விழித்துக்கொண்டிருக்கிறார்.

மனு வாசகசாலை மேசையில், நாளிதழ்களுக்கு அடியில் இருக்கிறது. சென்ற ஞாயிறுவரை பத்தொன்பது கையொப்பம். பெரியப்பாவிடமிருந்து நேற்றுத் தொலைபேசி வந்தது. பாவு கிடைத்துவிட்டதாம், அரக்கு நிறம், ஐப்பசி முகூர்த்தத்துக்கு.